சாமி அறையில் இருந்த நாடா

விநாசித்தம்பி பயப்படுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காரணமே அவரைத் தேடி வந்துவிடும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நூர் முகம்மதுவின் கப்பல் சரக்கு ஏஜென்சியில் அவர் தலைமைக் கிளார்க். தொண்ணூற்று நாலில் அங்கிருந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் கம்பியால் இணைத்து, எல்லா விவரமும் ஒரே சர்வரில் என்று ஆனதும் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது படுத்துவிட்டால் யாருடைய சரக்கு எந்தக் கன்டெய்னரில் கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பழி அவர் தலையில்தான் விழும். ஐம்பது வயதுக்கு மேல் வேறு எவன் வேலை கொடுப்பான்?

"எந்த ஏற்பாடு பாதுகாப்புன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணே. ஆனா ஒண்ணுதான் வாங்குவேன்லா," என்றார் முதலாளி.

விநாசித்தம்பி கடை கடையாக ஏறி விசாரித்தார். சர்வருக்குள் இன்னொரு டிஸ்க் போட்டால் எழுதுவதெல்லாம் இரண்டிலும் பதியும். ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. ஆனால் யாராவது தப்பாக அழித்தால் இரண்டிலும் அழியும். ஆபீஸ் தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆபீஸின் பழைய மரப்படிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தீ நினைவுதான். தினமும் காந்த நாடாவில் பிரதி எடுத்தால், திரும்ப ஏற்றுவதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் கையோடு வீட்டுக்குக் கொண்டு போகலாம். நாடாவே வாங்கச் சொன்னார்.

சரி, வீட்டில் எங்கே வைப்பது?

"சாமி அறையை விடப் பத்திரமான இடம் எங்க இருக்கு?" என்றாள் மனைவி வள்ளிநாயகி.

வாங்கிய இரண்டு நாடாக்களும் ஒரு நாளைக்கு ஒன்றாக முறைவைத்துப் பிள்ளையார் படத்தடிக்கு வந்தன. அவற்றுக்கும் தினம் ஒரு சிட்டிகை திருநீறு. அதன் பிறகுதான் அவர் நிம்மதியாகக் காப்பி குடிப்பார். நாடாவில் உண்மையிலேயே பதிந்திருக்கிறதா என்று ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்கலாம். இல்லை என்று வந்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, சர்வரின் டிஸ்க் கரகரவென்று கத்தி அடங்கியது. கம்ப்யூட்டர் கடை கமாலுதீன் வந்து புது டிஸ்க் மாட்டிவிட்டு, "டேப் குடுங்க அங்கிள்," என்றான். செருகினான். மெஷின் படிக்க மறுத்தது. எடுத்து மறுபடி செருகினான். மறுபடியும் மறுத்தது. நாடாவை மேஜையில் தட்டினான். சாம்பல் உதிர்ந்தது.

"என்ன அங்கிள் இது?"

விநாசித்தம்பி திரும்பிப் பார்த்தார். பின்னால் முதலாளி நிற்கிறார். பொய் ஒன்று தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லவும் பயம்.

"திருநீறு. சாமி அறையில வெச்சிருந்தேன்."

"இன்னொரு டேப்?" என்றார் நூர் முகம்மது.

"அதுவும் அங்கதான் வெச்சிருந்தேன்."

விநாசித்தம்பி பையிலிருந்து அதையும் எடுத்து நீட்டினார். கமாலுதீன் இரண்டாவது நாடாவை ஊதித் துடைத்து, மெஷினையும் சுத்தம் செய்து செருகினான். விநாசித்தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடப் பிள்ளையாரைத் தவிர யாருமில்லை. அவரையும் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

திரையில் ஒவ்வொன்றாகக் கோப்புகளின் பெயர்கள் ஏறின. கடைசி ஒரு நாள் வேலை மட்டும் போயிருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

சாயங்காலம் முதலாளி புது நாடா ஒன்றை நீட்டினார். வாங்க அவருக்குக் கை எழவில்லை.

"நீங்கதான் கொண்டு போகணும் அண்ணே. நானா இருந்தாலும் அப்படி ஒரு இடத்துலதான் வெச்சிருப்பேன்."

அன்று நாடா, பிளாஸ்டிக் உறைக்குள், துணி அலமாரிக்குப் போனது. வள்ளிநாயகி திருநீற்றுக் கிண்ணத்தோடு அலமாரி வரை வந்து, திரும்பிப் போனாள். விநாசித்தம்பி அலமாரியைப் பூட்டினார்; திறந்து பார்த்தார்; மறுபடி பூட்டினார். இனி அதைப் பார்த்துக்கொள்ள அவர் ஒருவர்தான்.