பௌர்ணமியன்று வயலின்களோடு

இசைக்குழுவில் வாசிக்கிறவர்களுக்குக் கைதட்டல் வரும். ஒருங்கிணைப்பாளருக்கு ஃபோன் வரும். சொந்தக்காரர் கல்யாணத்திலோ அலுவலக ஆண்டு விழாவிலோ "நீங்களே பாத்துக்குங்க" என்று பொறுப்பு சுமத்தப்பட்டவர் நீங்கள் என்றால், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

நான் சென்னையில் ஒரு மேற்கத்திய இசைக்குழுவின் ஒருங்கிணைப்பாளர். ஊர் ஊராகப் போய்ப் பள்ளி அரங்குகளில் இலவசமாக வாசிக்கலாம் என்பது என் யோசனை. முதல் ஊர் திருவண்ணாமலை. அரங்கு நிறையாவிட்டால் அதுவே கடைசி ஊர் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

காலியாக இருந்த சனிக்கிழமை

அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலேயே ஒரு பள்ளி. புதிதாகக் கட்டிய கலையரங்கம். கேட்ட சனிக்கிழமை உடனே கிடைத்தது. அரங்கம் இத்தனை சுலபமாகக் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும், நான் சந்தோஷப்பட்டேன்.

சுவரொட்டி ஒட்டிய பிறகுதான் அன்று பௌர்ணமி என்று தெரிந்தது. கேட்க வர வேண்டிய பெற்றோரில் பாதிப் பேர் கடையில் இருப்பார்கள், மீதிப் பேர் மலையைச் சுற்றுவார்கள். வெளியூர் வண்டிகள் ஊர் எல்லையில் வேங்கிக்காலோடு நின்றுவிடும். முன்பே சொல்லியிருக்கலாமே என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன்.

"நீங்க ஹால் காலியான்னுதான கேட்டீங்க மேடம்? பௌர்ணமிக்கு எங்க ஹால் எப்பவுமே காலிதான்."

தடுப்புக்கு முன்னால்

பௌர்ணமியன்று எங்கள் பேருந்தை வேங்கிக்காலில் விட்டுவிட்டு, வாத்தியக்காரர்கள் வயலின் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார்கள். பெரிய வாத்தியங்கள் இருந்த மினி லாரியில் நான். தடுப்பில் நின்ற காவலர், அன்னதான வண்டிகளுக்கு மட்டும்தான் வழி என்றார். பிறகு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே எங்கள் செம்பு முரசுகள், அண்டா அளவில், வாயை வெள்ளைத் துணியால் கட்டி வரிசையாக இருந்தன.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கே, எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். பள்ளிக்கூடத்தில், ஆறு மணிக்கு என்றேன். இசையில் இவ்வளவு ஆர்வமா என்று நெகிழ்ந்துபோனேன்.

"போங்கம்மா, போங்க. இந்தப் பக்கம் வர்றவங்கள எல்லாம் அங்கயே அனுப்பி வெக்கிறேன்."

பந்தி

ஐந்தரைக்கு ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் எதிரெதிர் வரிசையாக, நடுவில் ஆள் போக வழிவிட்டு உட்கார்ந்தார்கள். முதல் வரிசைக்காரர் இலை எப்போது போடுவீர்கள் என்று கேட்டபோதுதான் காவலரின் மலர்ச்சி எனக்கு விளங்கியது.

மேடையேறி உண்மையைச் சொன்னேன். சாப்பாடு கிடையாது, வயலின்தான். மேலாளர் முகம் மனதில் வந்து போனது. இரண்டாவது வரிசையில் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த அம்மாள்தான் தீர்ப்புச் சொன்னார்.

"சாப்பாடு வழியெல்லாம் குடுக்கறாங்க. ஃபேன் எங்க குடுக்கறாங்க? நீ வாசிக்கச் சொல்லும்மா."

காற்று

ஃபேன்தான் அடுத்த வில்லங்கம். முதல் வில் இழுத்ததும் இசைத்தாள்கள் பறந்தன. தாளைக் கவ்வும் கிளிப்புகள் வேங்கிக்காலில், பேருந்தில். எங்கள் இசை நடத்துநர் ஃபேன்களை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் பின்வரிசைகள் எழுந்தன. ஓடிப்போய் நானே மறுபடி போட்டேன். தாள்கள் மறுபடி பறந்தன. "நான் நடத்தணுமா, தாள் பொறுக்கணுமா?" என்றார் நடத்துநர்.

அதே அம்மாள் மேடைக்கு வந்தார். தலையிலிருந்து இரண்டு கொண்டை ஊசிகளை உருவி, வயலின்காரரின் தாளை ஸ்டாண்டோடு சேர்த்துச் செருகினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பொம்பளைங்க எல்லாம் ஆளுக்கொண்ணு கழட்டுங்கடி. கம்மியா இருந்தா சேஃப்டி பின் குடுங்க."

அமைதி கேட்ட இடம்

மேற்கத்திய இசைப் படைப்பில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே சிறிது மௌனம் உண்டு. அதில் யாரும் கைதட்டக் கூடாது என்பதில் நடத்துநர் கறார். நானும் அறிவித்திருந்தேன். முதல் பகுதி முடிந்தது. யாரும் தட்டவில்லை. நடத்துநர் கண்ணை மூடினார். நடு அரங்கிலிருந்து ஒருவர் "அண்ணாமலையாருக்கு" என்றார். மொத்த அரங்கமும் "அரோகரா" என்றது.

நடத்துநர் திடுக்கிட்டுத் திரும்பினார். இரண்டாவது பகுதி முடிந்ததும் கையை இறக்காமல் காத்திருந்தார். மூன்றாவதில், குரல் வரக் கொஞ்சம் தாமதமானபோது, அவரே பின்னால் எட்டிப் பார்த்தார். மேடையோரம் நின்றிருந்த என்னிடம் பக்கத்தில் இருந்த செல்லோக்காரர் கிசுகிசுத்தார்.

"மேடம், அவங்க மறந்துட்டாங்கன்னு சாருக்குக் கவலை."

தீர்ப்பு

இரண்டு கதவுகளிலும் ஆட்கள் நின்று கேட்டார்கள். படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் ஃபோன். சுவரோரம் இருந்த வெற்று நாற்காலிகள் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கித் தரையைப் பாருங்கள் என்றேன். மேலாளர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சரி, அடுத்த ஊருக்கு ஜமக்காளம் சொல்லிடுங்க."

ஒருங்கிணைப்பது என்றால் சரியான ஆட்களை வரவழைப்பது என்று நினைத்திருந்தேன். தவறி வந்தவர்களை எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.