ஆழ்வார்பேட்டையில் நின்றுபோகும் கார்

"சாவியை இப்படிக் குடு" என்று மாமா கையை நீட்டிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. மயிலாப்பூரில் சித்தி வீட்டுக் கூடம். மாமா என் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், தி. நகரில் வீடு. அவர் கையை நீட்டியபடி நிற்க, சித்தி கார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அண்ணா, காபி குடிக்கிறியா?" என்று கேட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. மாமாவுக்கு சித்தியைவிட வயது அதிகம். அவருடைய ஸ்கூட்டர் சாவியை இந்தக் குடும்பத்தில் எவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அந்தப் பழைய வெள்ளைக் காரை சித்தி ஸ்டெனோவாக வேலை பார்த்த காலத்தில் வாங்கினாள். "செத்துப்போன வீட்டுக்காரர் ஞாபகமா வெச்சிருக்காங்க" என்று யாராவது உருகினால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அவருக்கு சைக்கிள்லயே பேலன்ஸ் வராது. இது என் சம்பளத்துல வாங்கின வண்டி" என்பாள். அடையாறில் இருக்கும் சிநேகிதி வீடு, கோட்டூர்புரம் நூலகம், தண்ணீர்த்துறை மார்க்கெட் எல்லாம் அந்தக் காரில்தான். போனில் கார் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "எவனோ வர்ற வரைக்கும் நான் வாசல்ல நின்னு தெருவைப் பாக்கணுமா? போடி" என்று வாயை அடைத்துவிட்டாள்.

நவராத்திரி முடிந்த கையோடு அந்தக் கார் படுத்த ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒழுங்காக இருக்கும். லஸ்ஸைத் தாண்டி ஆழ்வார்பேட்டை வந்ததும் இழுத்து இழுத்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். ராயப்பேட்டை மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பெட்ரோல் போகிற துளைகளை ஊதினார். பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது என்று பம்ப்பின்மேல் ஈரத்துணியும் சுற்றினார். பிறகு பெட்ரோல் போட்டுக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வண்டில ஒண்ணுமே இல்லமா, சூப்பரா கீது. நீங்க ஓட்டினாத்தான் நிக்குது. கிளட்ச்ல காலை வெச்சிக்கினே ஓட்றீங்களா இன்னா?" என்றார். சித்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து ஓட்டறேன்பா. என் காலைப் பத்திப் பேசாதே."

சிக்னலில் நின்றுபோனால் பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். "பாட்டி, ஆட்டோல போ பாட்டி!" என்று ஒருவன் கத்தினான். "நீ போடா பேராண்டி!" என்று இவளும் கத்தினாள். மாமா காதுக்கு இதெல்லாம் போய்ச் சேர்ந்து, சாவி கேட்டு வந்து நின்றார். காபியைக் குடித்துவிட்டு ஒரு பந்தயமும் கட்டினார். "ஞாயித்துக்கிழமை பழைய வண்டி வாங்கறவர் என் வீட்டுக்கு வர்றார். வழியில நிக்காம வந்து சேர்ந்தேன்னா உன் இஷ்டம். நின்னுச்சுன்னா சாவி அவர் கையில." சித்தி சரி என்று சொல்லாமல், காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவள் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அந்தக் கார் போனால் அவள் வெளியே போவதே மற்றவர்கள் தயவில் என்று ஆகிவிடும். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ஆழ்வார்பேட்டை வந்தது, கார் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி மட்டும், "பெட்ரோல் இருக்கான்னு பாத்துடறேன்" என்று இறங்கிப்போய் டாங்க் மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மூடியின் நடுவில், காய்ந்து இறுகிப்போன சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜையன்று ஸ்டீயரிங்குக்கும் டயருக்கும் வைத்தவள், பெட்ரோல் விக்கிற விலைக்கு இதற்கும் ஒன்று வைக்க வேண்டியதுதான் என்று தாராளமாக அப்பியிருக்கிறாள். மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் டாங்குக்குள் காற்று போக வேண்டும். காற்று போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. சும்மா விட்டால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து ஏறும், வண்டி கிளம்பும்; மெக்கானிக் பெட்ரோல் போட மூடியைத் திறந்ததால்தான் அவர் ஓட்டியபோது நிற்கவில்லை. "பொட்டு வெச்சு மூக்கை அடைச்சுட்டேன்டி!" என்று நடுரோட்டில் நின்று சிரித்தாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினாள். துளை திறந்துகொண்டது. அதற்கப்புறம் தி. நகர் வரை கார் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

வாசலிலேயே மாமா கேட்டார்: "வழியில நின்னுச்சா?" பொய் சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன். சித்தி, "நின்னுச்சு. ஏன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டேன்" என்றாள்.

"நின்னுச்சுல்ல? பேச்சுன்னா பேச்சு."

"பேச்சு நீ பேசினது. வண்டி என்னுது."

கார் வாங்க வந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா குடுக்க மாட்டாங்க சார், நான் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். மாமா அதற்குப் பிறகு ஒரு மாதம் சித்தியோடு பேசவில்லை. அதனால் அவளுக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

இப்போது மாமாவுக்கு முழங்கால் சரியில்லை, ஸ்கூட்டரை விட்டுவிட்டார். போன மாதம் ஒரு மழை நாளில் அடையாறில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. போனில் கூப்பிட்ட கார் ஒவ்வொன்றும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போக, வேறு வழியில்லாமல் தங்கைக்கே போன் போட்டார். சித்தி உடனே கிளம்பினாள். மழையில் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, குடையை மடக்கிக்கொண்டு, முன்பக்கத்தை அவருக்கு விட்டுவிட்டுப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்தார். சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முன்னாடி வந்து உக்காரு அண்ணா. நான் உன் டிரைவர் இல்ல."

மாமா நனைந்துகொண்டே சுற்றிவந்து முன் ஸீட்டில் உட்கார்ந்தார்.