கோட்டுக்கு வெளியே ஒரு கை

செந்தாமரை கண்டாச்சிபுரம் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் வீட்டுப் பெண். திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலை முதலாளி நடத்தும் பெண்கள் கபடி அணியில் மாதச் சம்பளத்துக்கு ஆடுகிறாள். இடது ஓரத்தில் நின்று, பாடி வருபவளின் கணுக்காலைப் பிடிப்பது அவள் வேலை. அவளுடைய வலது கையைக் கோத்தபடி நின்றவள் தேவயானி, மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண்.

சீசனுக்கு முன் ஊருக்குப் போன தேவயானி குளிக்க இறங்கியபோது கடல் இழுத்துக்கொண்டது. உடல் கிடைக்கவில்லை.

அவள் இடத்துக்கு இளவரசி வந்தாள். லீக்கின் முதல் ஆட்டம் விழுப்புரத்தில், நல்ல வெயிலில். எதிரணிப் பெண் பாடி வந்தபோது செந்தாமரையின் இடது கையை யாரோ பிடித்தார்கள். அந்தப் பக்கம் எல்லைக்கோடுதான், ஆள் கிடையாது. ஈரமான, குளிர்ந்த கை. விரலிடுக்கில் மணல் நறநறத்தது. கை ஒருமுறை அழுத்தியது. பாயலாம் என்று தேவயானி சொல்லும் முறை அது. செந்தாமரை பாய்ந்தாள், கணுக்கால் சிக்கியது.

பிறகு ஆட்டந்தோறும் அந்தக் கை வந்தது. அணி தோற்கவேயில்லை. செந்தாமரைக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"இன்னாக்கா, இந்த எடது கையி எப்பப் பாரு ஊறிப்போயே கீது?" என்றாள் இளவரசி.

"வேர்வைடி."

லீக் பட்டம் கிடைத்த ஆட்டத்தில், பாடி வந்த பெண் நடுவில் மூச்சை விட்டுவிட்டு நின்றாள். "சார், எட்டு பேர் நிக்கிறாங்க. எண்ணிப் பாருங்க" என்றாள். நடுவர் எண்ணினார். ஏழுதான். அந்தப் பெண் செந்தாமரையின் இடப்பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லீக் முடிந்து நடக்கும் கோப்பைப் போட்டியின் இறுதியாட்டம் மரக்காணத்தில் நடந்தது. அலைச் சத்தம் மைதானம்வரை கேட்டது. புள்ளிகள் சமம், கடைசிப் பாட்டு. கை வந்தது. இந்த முறை அழுத்தவில்லை, இழுத்தது.

"உடுடி, தேவா" என்றாள் செந்தாமரை, வாய்விட்டு.

இழுப்பு நிற்கவில்லை. யாரும் தொடுவதற்கு முன்பே கோட்டைத் தாண்டி விழுந்தாள். கோட்டைத் தாண்டினால் ஆட்டமிழப்பு; எதிரணிக்கு ஒரு புள்ளி. கோப்பை போயிற்று.

"உன்ன யாருமே தொடலியே, எதுக்கு வெளிய போன?" என்று பயிற்சியாளர் ஆரோக்கியராஜ் கேட்டார். அவள் இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் விரல் தடங்கள் நீலமாகப் பதிந்திருந்தன.

அங்கிருந்து நேராகத் தேவயானியின் அம்மா தனத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தனம் அழவில்லை.

"உங்கிட்டயா வந்தா? எனக்கு ஒரு கனவுலகூட வர்லியே." மணிக்கட்டுத் தடங்களைத் தொட்டபடி கேட்டாள், "அவ கையி சூடா இருந்திச்சா?"

"சூடாதான் இருந்திச்சிம்மா." பொய்தான்.

தனம் செந்தாமரையின் அந்த இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு கடலைப் பார்த்து, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரலில் சொன்னாள்: "இவள உட்ருடி, ஆடட்டும். நான் கீறேன்ல. எங்கிட்ட வா."

அடுத்த சீசனில் கை வரவில்லை. அணி லீக்கில் நான்காவதாக முடித்தது. கோப்பையில் முதல் சுற்றோடு சரி. செந்தாமரைக்குச் சோறு இறங்குகிறது. விடுமுறைக்குத் தனத்தைப் பார்க்கப் போகிறாள். பேசும்போதெல்லாம் தனம் ஒரு கையைப் பக்கத்துப் பாயில் வைத்து, விரல்களை எதையோ பிடித்ததுபோல் மடக்கியே வைத்திருக்கிறாள். அந்த இடத்தில் பாய் நனைந்திருக்கும்.