இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள்

ஸ்டோர்காரருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை எழுந்து ஓடத் தோதாக வைத்திருப்பார். தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்து மூன்று வருடம் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். போல்ட்டு, வாஷர், கிரீஸ் டப்பா என்று எது வெளியே போனாலும் சீட்டு இல்லாமல் போகாது. முதலாளியே வந்து நின்றாலும், "சீட்டு எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கங்க சார்" என்பார். அந்தக் கம்பெனி போன வருடக் கடைசியில் மூடிவிட்டது. சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு, ஐம்பத்தோரு வயதில், வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தெருவில் இன்றைக்கும் அவர் ஸ்டோர்காரர்தான்.

வீட்டில் நாலு பேர். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். வீட்டில் அவள் பாப்பா. மனைவியின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு வந்து ஆறு வருடமாகியும், யாராவது வாசலை மறித்து நின்றால், "உள்ள போப்பா, உள்ள போ, இடமிருக்கு" என்று குரல் கொடுக்கும் பழக்கம் போகவில்லை.

முதல் மாதம் ஸ்டோர்காரர் வேலை தேடி ஊருக்குள் அலைந்தார். இரண்டாம் மாதம் வீட்டுக்குள் அலைந்தார். நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டினார், அது ஒழுக ஆரம்பித்தது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார், செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினார். கண்கொண்டு பார்க்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிதான் ஆரம்பித்தாள்.

"என்னங்க, இப்ப சம்பளம் ஒண்ணுதான் வருது. மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. எனக்குக் கடை கடையா ஏற நேரமில்லை. நீங்க பாத்துக்கறீங்களா?"

மனுஷனுக்குக் கொஞ்சம் பொழுது போகட்டும் என்றுதான் அவள் சொன்னாள். அவர் அதை வேலை நியமன உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சமையலறை கிடங்காகிவிட்டது. டப்பாக்கள்மேல் சீட்டு ஏறியது. பருப்புக்கு ஒரு தம்ளர், அரிசிக்கு ஒரு தம்ளர் என்று அளவு வந்தது. எண்ணெய் பாட்டிலில் பேனாவால் ஏழு கோடு போட்டார், நாளுக்கு ஒரு கோடு. வெங்காயம் ஒரு கடையில், முட்டை இன்னொரு கடையில், பருப்பு மொத்த வியாபாரியிடம், பால் பூத்தில் என்று நாலு திசையிலும் நடந்தார். வெங்காயத்தில் கிலோவுக்கு மூன்று ரூபாய் மிச்சம் என்றால் பஸ்ஸுக்குக் கொடுக்காமல் மூன்று நிறுத்தம் நடப்பார். ஒரே மாதத்தில் செருப்பின் அடி தேய்ந்து கல் குத்தியது.

முதல் வாரம் இரண்டாயிரத்து நானூற்று எழுபது ஆனது. சொன்ன தொகைக்குள் முடித்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மனைவியும் மனதாரப் பாராட்டினாள். வினையே அதிலிருந்துதான் தொடங்கியது. அடுத்த வாரம் இரண்டாயிரத்து நானூறு, அதற்கடுத்து இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. தொகை இறங்க இறங்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கலாமே என்று காலையில் எழுந்ததும் மனசு பரபரக்கும். பல் தேய்த்துக்கொண்டே அலமாரியைத் திறந்து பார்ப்பார். குளித்துவிட்டு ஒரு தரம், சாப்பிட்டுவிட்டு ஒரு தரம்.

"அப்பா, ஒரு முட்டை சேர்த்துப் போட்டுக்கவா?" என்று பாப்பா கேட்டால், "வியாழக்கிழமை முட்டையை இன்னைக்கே எடுத்தா வியாழக்கிழமைக்கு என்ன பண்ணுவ?" என்பார்.

"இது வீடா, கம்பெனியாப்பா?"

"கம்பெனியில இவ்வளவு தாராளமா குடுக்க மாட்டேன்."

மாமனார் டீயை வாயில் வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, சர்க்கரை ஏறவே இல்லையே, முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிடுச்சா?" என்பார். ஸ்டோர்காரர் சிரிக்க மாட்டார். உங்கள் வயசுக்குச் சர்க்கரை ஆகாது மாமா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு மாற்றம் தெரிந்தது. சாயங்காலங்களில் யாருக்கும் அவ்வளவாகப் பசி இல்லை. பாப்பா அரைத் தட்டோடு எழுந்தாள். மாமனார் வயிறு மந்தமாக இருக்கிறது என்றார். மனைவி டியூட்டி முடிந்து வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாள். பானையில் சோறு மிஞ்சியது. ஸ்டோர்காரர் மறுநாள் அளவைக் குறைத்தார். ஒன்பதாவது வாரம் கணக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் வந்து நின்றது. இரண்டாயிரத்துக்குக் கீழே! எல்லோருக்கும் அளவாகச் சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டது என்று தானே நம்பிக்கொண்டார்.

பத்தாவது வாரம் வியாழக்கிழமை. பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் துவரம்பருப்பு மலிவு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாலரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பருப்பை வாங்கி, மாற்று வழியில் திரும்பும்போது ஒரு பேக்கரி. பன்னுக்கு என்ன விலை போட்டிருக்கிறான் என்று பார்க்கத்தான் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

மூலை மேஜையில் அவர் வீடு உட்கார்ந்திருந்தது.

மனைவி நர்ஸ் உடுப்போடு இருந்தாள். எதிரே புத்தகப் பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டுப் பாப்பா. நடுவில் மாமனார், கையில் கிரீம் பன். தட்டில் முட்டை பப்ஸ், பக்கத்தில் மூன்று கிளாஸ் பால். மாமனார் ஏதோ சொல்ல, மற்ற இரண்டு பேரும் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார்கள். மனைவி அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனை மாதமாயிற்று!

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவுப் பிடியில் கை வைத்தார், எடுத்தார். எதிர்ப்பக்கம் போய் ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றார். திருடனைப் போல நாம் ஏன் ஒளிய வேண்டும் என்று கோபம் வந்தது. கோபம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தத் தெருவை இரண்டு முறை சுற்றினார். பிறகு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார்.

முதலில் மாமனார் வந்தார். கால் மணி கழித்துப் பாப்பா. அதற்குப் பத்து நிமிடம் கழித்து மனைவி. ஒருவர் பின் ஒருவராக வரத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோருக்கும் தட்டு போட்டார். வழக்கம்போல, "எனக்குப் பசியில்லப்பா" என்றாள் பாப்பா.

"எனக்கும் மந்தமாத்தான் இருக்கு" என்றார் மாமனார்.

"மாமா, உங்க மீசையில கிரீம் இருக்கு."

யார் முகத்திலும் ஈயாடவில்லை. மாமனார் மீசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "முகத்துக்குப் போட்ட பவுடரா இருக்கும் மாப்பிள்ளை" என்றார். பாப்பா களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே அழுதுவிட்டாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் ஸ்டோர்காரர்.

மனைவி பூசி மெழுகவில்லை. "அஞ்சு, ஆறு வாரமா. ராத்திரி பகலா படிக்கற பொண்ணுங்க அவ. அளந்து அளந்து போட்டா தாங்குமா? உங்ககிட்ட கேட்டா சண்டை வரும். அதான்."

"வாரத்துக்கு எவ்வளவு ஆகும்?"

"எதுக்குங்க அது?"

"சொல்லு."

"அறுநூறு. சில வாரம் எழுநூறு."

அவர் மிச்சம் பிடித்தது வாரத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம். பானையில் மிஞ்சியதைப் பார்த்து அளவைக் குறைத்ததும், குறைத்ததனால் அவர்கள் வெளியே தின்றதும் ஒரு வட்டமாக அவர் மண்டைக்குள் சுற்றியது. எழுந்து பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

"அப்போ நான் தெருத்தெருவா நடந்ததெல்லாம்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறுன்னு நான்தான் சொன்னேன். அதுக்குக் கீழ போங்க, கீழ போங்கன்னு யாரு உங்களை விரட்டுனா?" மனைவியின் குரல் உயர்ந்தது. பிறகு தானாகவே தணிந்தது. "உங்க பேண்ட்டு இடுப்புல நிக்குதா பாருங்க. எங்களுக்காவது பேக்கரி இருந்துச்சு. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

அவர் பால்கனிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பதிலுக்கு வேறெதையோ பேசினார்.

"கம்பெனியில கடைசி வருஷம் புதுச் சரக்கே வரல. அலமாரி ஒவ்வொண்ணா காலியாச்சு. நான் ஒவ்வொரு நட்டா எண்ணி எண்ணிக் குடுத்தேன். அஞ்சு கேட்டா மூணு. இப்படிக் குறைச்சுக் குறைச்சுக் குடுத்தா இன்னும் ரெண்டு மாசம் ஓடும்னு நெனச்சேன். பசங்க என்னைத் திட்டுனாங்க. ஓடல. ஒரு நாள்கூட கூடுதலா ஓடல."

இதை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

மனைவி எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். "இது கம்பெனி இல்லீங்க. இதை யாரும் மூட மாட்டாங்க. மாசம் பொறந்தா என் சம்பளம் வந்துரும். வாங்க, வந்து சாப்பிடுங்க." தட்டில் அவளே போட்டாள், தம்ளர் அளவு பார்க்காமல்.

அடுத்த வாரத்திலிருந்து புதுச் சட்டம். போட்டவள் பாப்பா. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேலே போனாலும் தப்பு, இரண்டாயிரத்து நானூறுக்குக் கீழே வந்தாலும் தப்பு. கேட்க எளிதாகத்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பையில் இருநூற்று முப்பது மிஞ்சியபோது ஸ்டோர்காரர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மூன்று கடை ஏறி இறங்கினார். வாங்கவும் மனசு வரவில்லை, வாங்காமல் போனால் மகள் விடமாட்டாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிலோ திராட்சை வாங்கினார். வழியில் எதிரே வந்த பாப்பா பையைப் பிடுங்கி நடுத்தெருவிலேயே தின்ன ஆரம்பித்தாள். "கழுவிட்டுத் தின்னு" என்றதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை.

படபடப்பு அதோடு தீர்ந்துவிடவில்லை. காலையில் அலமாரியைத் திறந்து பார்ப்பது தொடர்ந்தது. ஆனால் நாலு மாதமாக ஊர் முழுக்க விலை விசாரித்ததில் ஒரு பலன் கிடைத்தது. மொத்த வியாபாரி ஒரு நாள் அவரை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"அண்ணே, என் கடை விலையை என்னைவிட நீங்க நல்லா சொல்றீங்க. போன வாரம் என் தராசுல இருபது கிராம் இடிக்குதுன்னு கண்டுபிடிச்சதும் நீங்கதான். வர்ற லோடை எண்ணி இறக்க எனக்கு ஒரு ஆளு வேணும். காலையில ஆறு மணிக்கு வருவீங்களா?"

அவர் ஐந்தே முக்காலுக்குப் போய் நின்றார். சம்பளம் பழைய சம்பளத்தில் பாதிதான். இருந்தாலும் மூட்டைகளுக்கு நடுவே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் யாரும் பாதிச் சம்பளக்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

கடைக்குப் போகும் பொறுப்பு மாமனார் கைக்கு மாறியது. முதல் வாரமே கணக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது. காரணம் ஒரு தர்பூசணி. பேரமே பேசாமல் சொன்ன விலைக்கு வாங்கி, ஆட்டோ வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஆட்டோவா மாமா?"

"இவ்வளவு கனமான பயணியை நடக்கவா விட முடியும் மாப்பிள்ளை?"

ஸ்டோர்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. மனைவியும் மகளும் அவரையே பார்த்தார்கள். அவர் வாசல்வரை போனார், திரும்பி வந்தார், பழத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு கத்தி கேட்டார். வெட்டினால் உள்ளே பாதி வெளுத்துக் கிடந்தது. சிவந்த பக்கத்தை மூன்று பேருக்கும் தள்ளிவிட்டு, வெளுத்த துண்டு ஒன்றைக் கடித்து, "பரவாயில்லை, தண்ணியா இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுத்த வாரத்துக்கு அறுபது குறைத்துக்கொள்ளலாம் என்று மாமனார் சொன்னதற்கு, பாப்பாவின் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டை எடுத்தார்.