பளிச்சென்ற தொட்டி

கூவம் என்றாலே பட்டணத்துக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் அது இன்னும் ஆறாகத்தான் இருந்தது. ஆவடிக்கு அருகே ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தில் எனக்கு ஆபரேட்டர் வேலை. நாங்கள் சுத்தம் செய்து விட்ட தண்ணீர் ஓடை வழியாக அந்த ஆற்றுக்குத்தான் போனது. சொந்தக்காரர்கள் கேட்டால் "பம்ப் ஹவுஸ்ல வேலை" என்பேன். பெண் கொடுத்த மாமனாருக்கே ரொம்ப நாள் உண்மை தெரியாது.

தொட்டியைப் பார்த்தால் யாருக்கும் குமட்டும். காற்றடிக்கும் மோட்டார் ஓட ஓட, பழுப்புச் சேறு ராப்பகலாகப் புரண்டுகொண்டிருக்கும். அந்தச் சேற்றில் வாழும் கிருமிகள்தான் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை. தினமும் காலையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் மொண்டு அரைமணி நேரம் வைப்பேன். சேறு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அன்றைக்குக் கிருமிகள் நலம்.

ஓடையோரம் ஒருவர் கீரை போட்டிருந்தார். அந்தத் தண்ணீரை நம்பித்தான் அவர் பிழைப்பு. சைக்கிளில் கட்டுகளோடு போகும்போது வேலிக்கு வெளியே நிற்பார்.

"இன்னா அண்ணாத்தே, தண்ணி நல்லா கீதா?"

என் வேலையை மதித்து விசாரித்த ஒரே மனுஷன் அவர்தான்.

ஒரு வருஷம் பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் குடியிருப்பில் அதிகாரி வருகிறார் என்றால் மரத்துக்கும் சுண்ணாம்பு, கல்லுக்கும் சுண்ணாம்பு. சூப்பர்வைசர் தொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, சாக்கடையாட்டம்? பிளீச்சிங் பவுடரைக் கொட்டு. பளிச்சுனு இருக்கணும்."

"சார், கிருமியெல்லாம் செத்துடும்."

"கிருமி சாகத்தானேய்யா பவுடரு!"

எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்று பயம். மூட்டை மூட்டையாக என் கையாலேயே கொட்டினேன்.

அதிகாரி வந்தார், கைக்குட்டையை எடுக்காமலே நின்றார், பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் குடுவையில் எதுவும் படியவில்லை. வந்த சாக்கடை வந்தபடியே ஓடைக்குப் போயிற்று. நாலைந்து நாள் கழித்துக் கீரைக்காரர் வெறும் சைக்கிளோடு வந்து நின்றார்.

"அண்ணாத்தே, தண்ணி நாறுது. கீரை அழுவிக்கினு கீது. இன்னா ஆச்சு?"

"மோட்டார் ரிப்பேர். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன். அவர் நம்பிவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

சேறு மறுபடி உயிர் பிடிக்க ஒரு மாதமாவது வேண்டும். அதற்குள் பாராட்டில் மயங்கிய சூப்பர்வைசர், திங்கட்கிழமைதோறும் பவுடர் போடச் சொல்லிவிட்டார். ஓய்வு பெறும்வரை போட்டேன். ஆறு கறுத்தது.

தொண்ணூறுகளில் கீரைக்காரர் எங்கள் நிலையத்துக்கே தினக்கூலியாக வந்து சேர்ந்தார். திங்கட்கிழமைகளில் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பவர் அவர், கொட்டுபவன் நான்.

"இத்தப் போட்டாதான் தண்ணி சுத்தமாவும், இல்ல அண்ணாத்தே?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.