மரியபுஷ்பம் பார்த்த கோட்டை

கும்பகோணம் வழியில் குத்தாலத்துக்குப் பக்கத்தில் அந்த ஊரில் டிவியில் மழை என்று சொன்னால் சிரிப்பார்கள். மரியபுஷ்பம் சொன்னால் படுதாவைத் தேடி ஓடுவார்கள். நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால் கோட்டை கட்டியிருக்கிறது என்பது அங்கே பேச்சு. வட்டம் நிலாவை ஒட்டி நின்றால் மழை இப்போதைக்கு இல்லை. விலகி, அகலமாக நின்றால் ஓரிரு நாளில் வந்துவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மற்றவர்கள் வெறும் பனிமூட்டம் என்று நினைக்கிற இடத்தில் மங்கலான வட்டத்தைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. கல்யாணமாகி வந்த வருஷமே களத்தில் கிடந்த உளுந்தை அப்படித்தான் காப்பாற்றினாள். அன்றிலிருந்து அவள் கணவர் சவரிராஜ் வானத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லமுடியாது.

இந்தத் தை மாதம் அவர்கள் நெல்லும் பக்கத்து வயல் வீரையனின் நெல்லும் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடந்தன. ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூடியே வைத்தால் நெல் வியர்த்துப் புழுங்கும். திறந்து வைத்து மழை வந்தால் முளைத்துவிடும். குத்தகை நிலத்தில் ஆறு மாதம் பட்ட பாடு அந்த ஒரு குவியலில் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மரியபுஷ்பம் அண்ணாந்து பார்த்தாள். பெரிய கோட்டை. வானவில் நிறம்கூட ஓரத்தில் தெரிந்தது. வீரையனும் பார்த்தான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா கண்ணுக்குத் தெரிவது நமக்கு எங்கே தெரியப்போகிறது என்று படுதாவை இழுத்து மூடினான். செவ்வாயும் கோட்டை, புதனும் கோட்டை. பகலிலும் பிரிக்கவிடாமல் காவல் இருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. வியாழக்கிழமை காலையில் கையை விட்டுப் பார்த்தால் நெல் கொதித்தது. படுதாவைப் பிரித்துவிட்டார்கள்.

"என்னக்கா, நிலாவும் பொய் சொல்லக் கத்துக்கிச்சா?" என்றான் வீரையன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று மாலை ஜெபமாலை சொல்ல மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சுடரைச் சுற்றி ஒரு வட்டம். அதே அகலம், அதே நிறம். கண்ணைக் கசக்கிப் பார்த்தாள், போகவில்லை. வாசலுக்கு ஓடினாள். தெருவிளக்குக்கும் கோட்டை, எதிரே வந்த பைக் விளக்குக்கும் கோட்டை. கொஞ்ச நாளாக மாலையானால் நெற்றிப்பொட்டில் வலி விண்விண் என்று தெறித்தது எதனால் என்று இப்போது புரிந்தது. 'மாதாவே, நிலாவில் ஒன்றுமில்லை, எல்லாம் என் கண்ணில்தான்!'

வீரையன் போன் செய்தான். "அக்கா, நான் கும்பகோணத்துலேருந்து வர நேரமாவும். இன்னிக்கு எப்படி?"

மேலே பார்த்தாள். பால்போல ஒளிர்கிற மேகத்துக்கு நடுவே நிலா, சுற்றிலும் கோட்டை. இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். கண் கெட்டுவிட்டது என்று சொல்ல நாக்கு கூசியது.

"ஒண்ணும் இல்லப்பா. திறந்தே கெடக்கட்டும், காத்தாடும்" என்றாள். சவரிராஜிடமும் அதையே சொன்னாள். அவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

விடிகிற நேரத்தில் தகரக்கூரை சடசடவென்று அதிர்ந்தது. இருவரும் கொள்முதல் நிலையத்துக்கு விழுந்தடித்து ஓடினார்கள். குவியலுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீரையன் முன்னமே வந்திருந்தான். குனிந்து நெல்லை வாரிக்கொண்டிருந்தான்.

படுதாவின் ஒரு முனையை இழுத்தபடி சவரிராஜ் சொன்னார்: "ராத்திரி நானும் பாத்தேன் புஷ்பம். எவ்வளவு பெரிய கோட்டை! நீ இல்லைன்னதும் எனக்குத்தான் பார்வை சரியில்லைன்னு நெனச்சுப் படுத்துட்டேன்."

அவள் கையிலிருந்த முனை நழுவியது. நேற்று ஒரு நாள்தான் வானம் நிஜத்தைச் சொல்லியிருக்கிறது.

"உங்க பார்வை நல்லாத்தாங்க இருக்கு. எனக்குத்தான் போச்சு. மெழுகுவத்தியைச் சுத்திக்கூடக் கோட்டை தெரியுது" என்றாள், வீரையனுக்கும் கேட்கிற மாதிரி.

சவரிராஜ் நெல்லை விட்டுவிட்டு அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "எத்தனை நாளா?"

அவளுக்குத் தெரியவில்லை. இதுவரை பார்த்ததில் நிலாவினுடையது எது, தன்னுடையது எது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.