லென்ஸ் விளிம்பைப் படிக்கிறவர்

என் வீட்டுக்காரர் வார்தோனோ மனிதர்களின் முகத்தைப் பிறகுதான் பார்ப்பார். கழுத்தில் கேமரா தொங்கினால் முதலில் லென்ஸின் விளிம்பைப் பார்ப்பார். அங்கே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு "ம்" என்று ஒரு சத்தம். அந்த 'ம்'மை வைத்தே அது நல்லதா மட்டமா என்று எனக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் புது கெபாயாச் சட்டை போட்டு நின்றால் கண்ணில் படாது, எவன் கழுத்திலோ தொங்குவது மட்டும் படும். சோலோ நகரத்தில் அவர் படம் எடுக்காத கல்யாண வீடு குறைவு, அதனால் பொறுத்துக்கொண்டேன்.

அவர் கணக்கு ரொம்பச் சுலபம். மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது எட்ட இருப்பதை எவ்வளவு கிட்டே இழுக்கும் என்பதற்கு; அதில் தரம் தெரியாது. 1:1.8 என்று ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்த எண்தான் விஷயம். அது சின்னதாக இருந்தால் லென்ஸ் நன்றாகக் கண்ணைத் திறக்கும், மங்கல் வெளிச்சத்திலும் படம் வரும். 1:3.5-5.6 என்று இரண்டு எண் இருந்தால், இழுக்க இழுக்க வெளிச்சம் குறையும் என்று கம்பெனிக்காரனே ஒத்துக்கொண்டதாக அர்த்தம். சிவப்பு வளையம் இருந்தால் உசத்தியான வகை. கல்யாண வீட்டு மாமாக்களுக்கு இதில் அந்தச் சிவப்பு மட்டும்தான் தெரியும். அது இல்லாத லென்ஸைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பெருநாளுக்கு நான் வாங்கி வைத்திருந்த நகப்பூச்சைத் திருடி, தன் பிளாஸ்டிக் 1:1.8-ஐச் சுற்றிப் பூசிவிட்டார்.

எங்கள் மகள் ரத்ரிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். பெண் மண்டியிட்டு, பெற்றவர்கள் முழங்காலில் முகம் வைத்து ஆசி கேட்கிற சடங்கு உண்டல்லவா, அந்த ஒரு படம் சரியாக அமைய வேண்டும். திருப்பி எடுக்கிற படமில்லை அது. ஊரார் பெண்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர், தன் பெண்ணுக்கு மட்டும் எடுக்க முடியாது. அப்பாவாக நாற்காலியில் உட்கார வேண்டும். அதனால் கூட்டாளி ஒருவரை, நிஜச் சிவப்பு வளையக்காரரை, சொல்லி வைத்திருந்தார்.

அதற்குள் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மகள் தியாஸ் படம் எடுப்பாள், அதுதான் கல்யாணத்துக்கு அவள் செய்கிற செய்முறை என்றார்கள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு ஒருத்தி வெங்காயம் உரிப்பாள், ஒருத்தர் தேநீர் ஆற்றுவார். கையால் செய்ய வருகிற உதவியை வேண்டாம் என்றால் உறவே முறிந்துபோகும். இவர் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டிவிட்டு, அவர்கள் போனதும் தலையில் கை வைத்துக்கொண்டார். தியாஸின் லென்ஸைப் படித்துவிட்டாரே. 1:3.5-5.6.

உங்களுடையதைக் கொடுத்துவிடுங்களேன் என்றேன்.

"எப்படிக் குடுக்கிறது? உன்னோடது மட்டம்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடாதா?"

கல்யாணத்தன்று பிற்பகலெல்லாம் மழை. சடங்கு நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் இரண்டே விளக்குகள் அழுதுகொண்டிருந்தன. அழுகிற பெண் முகத்தில் ஃபிளாஷ் அடிக்கக்கூடாது என்று சம்பந்தியம்மாள் முன்பே கண்டித்துச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் மண்டியிட வேண்டும் என்பதால், கல்யாண உடையோடு அவர் இடுப்பில் செருகியிருந்த குத்துவாளை வழக்கப்படி முதலில் கழற்றினார்கள். அப்போதுதான் பார்க்கிறேன், என் பக்கத்து நாற்காலிக்காரரின் இடுப்புத் துணிக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருக்கிறது. லென்ஸ்! கொண்டுவரத் துணிச்சல் இருந்திருக்கிறது, கொடுக்கத்தான் வாய் வரவில்லை. வேர்த்து ஊற்றுகிறது. அந்தப் பக்கம் தியாஸ் கேமராவைப் பார்த்துப் பார்த்து உதட்டைக் கடிக்கிறாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

"இங்க வா கண்ணு. இந்த மாமாவுக்கு ஒரு ஆசை. மக கல்யாணத்தை அவரோட லென்ஸும் பாக்கணுமாம். கேக்க வெக்கப்படறாரு. உன் கேமராவில மாட்டிக்கிறியா?"

அந்தப் பெண்ணின் முகத்தில் உயிர் வந்தது. இரண்டு கேமராவும் ஒரே கம்பெனி; அதையும் இவர் என்றைக்கோ பார்த்து வைத்திருந்தார். இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் சிவப்பைப் பார்த்துவிட்டு, இவ்வளவு விலை உள்ளதைத் தொடவே பயமாக இருக்கிறது என்றாள்.

"நகப்பூச்சும்மா அது. எண்ணு மட்டும் நிஜம்."

அவள் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள்.

ரத்ரி வந்து மண்டியிட்டு, அவர் முழங்காலில் முகம் வைத்தாள். குனிந்து ஆசி சொல்லப்போகிறார் என்று நானும் கண் கலங்கக் காத்திருந்தால், அவர் அவள் காதில் சொல்கிறார்: "அசையாதம்மா. முகத்தை லேசா இந்தப் பக்கம் திருப்பு. வெளிச்சம் இங்கதான் இருக்கு."

ரத்ரி தலையை எடுக்கவில்லை. "இன்னிக்கு நீங்க வேலைக்கு வரலப்பா," என்றாள்.

அவ்வளவுதான். மனுஷன் கேவிக் கேவி அழுதார். ஆசியெல்லாம் அந்த அழுகையோடு போயிற்று. எனக்கு அவரை அள்ளி அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, சபையில் எப்படி?

அடுத்த வாரம் ரத்ரி புது வீட்டுக்குச் சாமான் கட்டினாள். அப்பா படம் ஒன்று வேண்டும் என்று எங்கள் ஆல்பங்களையெல்லாம் புரட்டினாள். எதிலும் அவர் இல்லை. இருக்கிற அத்தனையும் அவர் எடுத்தவை. கடைசியில் தியாஸ் எடுத்த அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டாள். அத்தனை அகலமாகக் கண் திறந்த லென்ஸில் ஓர் இடம்தான் துல்லியமாக விழும். இவர் கிட்டே வரப் பயந்துகொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"ஃபோகஸ் எங்க விழுந்திருக்கு?"

"உங்க மேலதான்ப்பா. எல்லாரும் மங்கல். நீங்க மட்டும்தான் தெளிவா இருக்கீங்க."

பக்கத்து நாற்காலியில் நானும் மங்கல்தான். இருந்துவிட்டுப் போகிறேன்.